நான்கு முறை மருந்தடித்தும் அருகம்புல் துளிர்ப்பது ஏன்?

ஒரு ஏக்கர் நிலம். அதில் மூன்று வயதுப் பழமரக் கன்றுகள். கன்றுகளுக்கு நடுவே எங்கு பார்த்தாலும் அருகம்புல். கடிதம் எழுதியிருக்கும் இந்த வாசகர் பத்து மாதங்களில் நான்கு முறை 41 சதவீத கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்திருக்கிறார். முதல் மூன்று முறை 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி. "துளிர் விரல் நீளம் வந்ததுமே அடித்துவிடுவேன், வளரவே விடமாட்டேன்" என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் புல் பழுத்துக் காய்ந்தது, ஐந்தாறு வாரத்தில் மறுபடி பச்சை கட்டியது. நான்காம் முறை பொறுமையிழந்து 300 மில்லி ஊற்றி, கூடவே ஒரு கை சமையல் உப்பையும் போட்டிருக்கிறார். மூன்றாம் நாளே மேல்புல் கருகியது. மறுநாள் டிராக்டர் விட்டு உழுதார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அருகு முன்பைவிட அடர்த்தி, முன்பு இல்லாத மூலையிலும் முளைத்திருக்கிறது. தெளிக்கத் தண்ணீர் எடுத்தது பக்கத்துக் குட்டையிலிருந்து. 10 லிட்டர் தெளிப்பானில் ஏக்கருக்கு 25 டேங்க் செலவாகியிருக்கிறது.

அவர் கேட்பவை: புல்லுக்கு மருந்து பழகிவிட்டதா? பாராகுவாட், 2,4-டி என்ற வேறு களைக்கொல்லிகளையும் சேர்த்து அடிக்கலாமா? தீ வைத்துவிட்டால் என்ன? கிளைஃபோசேட்டால் புற்றுநோய் வருமா? அடுத்த பருவத்தில் வரிசைகளுக்கு நடுவே பயறு விதைக்க முடியுமா?

உங்கள் கடிதத்தில் தேதி, அளவு, தண்ணீர் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் தெளிவாகப் பதில் சொல்ல முடிகிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் நிலத்து அருகுக்கு மருந்து பழகிவிட்டது என்று நினைக்க இந்தக் கடிதத்தில் எந்த ஆதாரமும் இல்லை. மருந்து இலையைக் கொன்றிருக்கிறது, மண்ணுக்குள் இருக்கும் தண்டுக்குப் போய்ச் சேரவில்லை. நான்கு முறையும் நடந்தது அதுதான்.

சர்க்கரை போகும் வழியில்தான் மருந்தும் போகும்

கடப்பாரையோ மண்வெட்டியோ எடுத்து, அருகு அடர்ந்த இடத்தில் ஒரு முழ ஆழத்துக்கு ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்தெடுங்கள். அதைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். மேலே தரையோடு ஓடும் ஓடுதண்டு, கீழே மண்ணுக்குள் வெள்ளையாக, கூர்மையான முனையோடு ஓடும் நிலத்தடித் தண்டு, இரண்டும் கிடைக்கும். இரண்டிலும் கணுவுக்குக் கணு மொட்டு உண்டு. அந்த மொட்டுகளில் பெரும்பாலானவை தூங்கிக்கொண்டிருக்கும். நுனி மொட்டு உயிரோடு இருக்கும்வரை அது மற்றவற்றை எழவிடாது. நுனி அறுபட்டால், அல்லது தண்டு துண்டானால், தூங்கிய மொட்டுகள் எழும். நீங்கள் அழிக்க வேண்டியது இந்த மொட்டுகளை. கண்ணுக்குத் தெரியும் பச்சையை அழித்துப் பயனில்லை.

கிளைஃபோசேட் இலை வழியாக உள்ளே போய், இலை தயாரிக்கும் சர்க்கரையோடு சேர்ந்து பயணிக்கிறது. சர்க்கரை எங்கே தேவைப்படுகிறதோ அங்கே ஓடும், மருந்தும் அங்கேயே போய் நிற்கும். வளரும் மொட்டு, நீளும் தண்டு, சேமிப்பை நிரப்பிக்கொள்ளும் நிலத்தடித் தண்டு ஆகியவை சர்க்கரையை இழுப்பவை. தூங்கும் மொட்டு எதையும் இழுக்காது, அதனால் மருந்தும் அதற்கு அதிகம் போகாது.

விரல் நீளத் துளிரில் இந்த ஓட்டம் தலைகீழ். அப்போது துளிர் தன் காலில் நிற்கவில்லை. கீழே சேமித்த உணவை மேலே இழுத்துத்தான் அது வளர்கிறது. அந்த நேரத்தில் விழும் மருந்து துளிரிலேயே தங்கிவிடும். துளிர் செத்துப்போகும், கீழே இருக்கும் தண்டுக்குச் செய்தியே போகாது. சில வாரம் இலை விரிந்து, சொந்தமாகச் சர்க்கரை செய்து, மிச்சத்தைக் கீழே அனுப்பத் தொடங்கிய பிறகு அடித்தால்தான் மருந்து இறங்கும். விதையில் முளைக்கும் ஓராண்டுப் புல்லைச் சின்னதாக இருக்கும்போதே அடிப்பது சரி, அதற்குக் கீழே சேமிப்பு கிடையாது. அந்தப் பழக்கத்தை நீங்கள் அருகுக்கும் கொண்டுவந்துவிட்டீர்கள். பலரும் செய்யும் தவறு இது. அக்கறையோடு வேலை செய்பவர்கள்தான் அதிகம் செய்கிறார்கள்.

மும்மடங்கு அளவு ஏன் கெடுத்தது

அளவைக் கூட்டினால் அதிகம் இறங்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இலை தானே மருந்தைக் கீழே அனுப்ப வேண்டும். அது சில நாள் உயிரோடு இருந்து சர்க்கரை செய்துகொண்டே இருந்தால்தான் அனுப்ப முடியும். 300 மில்லியில், மருந்து இலையில் ஒட்டுவதற்காக அதோடு கலந்து வரும் ஒட்டுத் திரவமும் மும்மடங்காகி இலையைச் சுட்டுவிட்டது. சுட்ட இலையில் ஓட்டம் நின்றுவிடும். கிளைஃபோசேட் சரியாக வேலை செய்யும்போது முதல் நான்கைந்து நாள் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். பிறகு மெல்ல மஞ்சளாகி, இரண்டு மூன்று வாரத்தில் பழுப்பாகும். மூன்றாம் நாள் கருகியதைப் பார்த்து மருந்து நன்றாகப் பிடித்தது என்று நினைத்தீர்கள். உண்மையில் அது கெட்ட அறிகுறி.

நான்காம் நாள் உழவு அடுத்த அடி. மருந்து முழுதாகச் சேர்வதற்கு முன்பே இலைக்கும் தண்டுக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. கலப்பை நிலத்தடித் தண்டைத் துண்டு துண்டாக்கி, தூங்கிய மொட்டுகளையெல்லாம் எழுப்பி, புல் இல்லாத மூலைக்கும் இழுத்துக்கொண்டு போனது. இரண்டு கணு உள்ள துண்டு ஒன்று போதும், ஈரம் கிடைத்தால் அது தனிச் செடியாகும். முன்பைவிட அடர்த்தியாக வந்ததற்கு இதுதான் காரணம்.

குட்டைத் தண்ணீரும் சந்தேகத்துக்குரியதே. கிளைஃபோசேட் களிமண் துகளில் இறுகப் பிடித்துக்கொள்ளும், பிடித்தபின் செடிக்கு எட்டாது. மண்ணில் விழுந்தால் அது பெரும்பாலும் செயலிழப்பதும் இதனால்தான். ஒரு வாளி தண்ணீரின் அடியில் காசு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். காசு தெளிவாகத் தெரியாவிட்டால் அந்தத் தண்ணீரில் இந்த மருந்தைக் கலக்கக் கூடாது. புழுதி படிந்த இலையில் அடித்தாலும் இதே கதிதான். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் அம்மோனியம் சல்ஃபேட் சேர்க்கிறார்கள். நீங்கள் போட்ட சமையல் உப்பு அந்த வேலையைச் செய்யாது. அருகு உவர்மண்ணையே தாங்கி வளரும் புல். உப்பைத் தொடர்ந்து போட்டால் முதலில் பாதிக்கப்படுவது உங்கள் மரக்கன்றுகள்தான்.

25 டேங்க் என்பது ஏக்கருக்கு 250 லிட்டர், ஹெக்டேருக்கு 600 லிட்டருக்கும் மேல். அவ்வளவு தண்ணீரில் இலை நனைந்து வழிந்து, மருந்து மண்ணுக்குப் போய்விடும். இந்த மருந்துக்குக் குறைந்த தண்ணீரில், செறிவான சிறு துளிகளே நல்லது. ஹெக்டேருக்கு 200 லிட்டர், அதாவது ஏக்கருக்கு 80 லிட்டர், 8 டேங்க் போதும்.

பழகிப்போன புல் எப்படி இருக்கும்

களைகள் மருந்துக்குப் பழகுவது உண்மைதான். கிளைஃபோசேட்டைத் தாங்கும் களை முதன்முதலில் 1996இல் ஆஸ்திரேலியாவில் ஒரு ரைபுல் இனத்தில் அறிவிக்கப்பட்டது. நிலத்தடித் தண்டால் பரவும் ஜான்சன் புல்லிலும் பிறகு கண்டார்கள். ஆனால் அடையாளம் வேறு. எல்லாம் சரியாகச் செய்தும், ஒரே நாளில் மருந்து விழுந்த செடிகளில் பக்கத்துச் செடி செத்திருக்க, ஒன்று மட்டும் இலைகூட வாடாமல் நிற்கும். அந்தத் திட்டு வருடா வருடம் பெரிதாகும். உங்களுடையது அப்படியில்லை. எல்லா இலையும் செத்தது, பிறகு கீழிருந்து புதிதாக வந்தது. அதற்குப் பெயர் மறுதுளிர்ப்பு. துளிர்களைப் பார்த்தீர்களானால், சில கணுக்களில் மெல்லிய, வெளிறிய துளிர்கள் பத்துப் பதினைந்து துடைப்பம்போல ஒரே இடத்தில் கிளம்பியிருக்கும். மருந்து கொஞ்சம் இறங்கி, கொல்லும் அளவு இறங்கவில்லை என்று அதற்குப் பொருள்.

இன்னொன்றையும் சரிபார்த்துவிடுங்கள். "சில இடத்தில் புல் கரும்பச்சையாக, மினுமினுப்பாக இருக்கிறது, பிடுங்கினால் கீழே கொட்டை வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் தண்டை இரு விரலுக்கு நடுவே உருட்டுங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் அது புல்லே இல்லை, கோரை. புல்லின் தண்டில் கணு இருக்கும், கோரையின் தண்டில் இருக்காது. புல்லுக்கென்று விற்கும் மருந்துகள் கோரையை ஒன்றும் செய்யாது. அதற்கு ஹாலோசல்ஃப்யூரான் போன்ற வேறு மருந்து தேவை. எந்தப் பயிரில் அடிக்கலாம் என்பது லேபிளில் இருக்கும். அந்தத் திட்டுகளைக் குச்சி நட்டு அடையாளம் வைத்துத் தனியாகக் கையாளுங்கள்.

நீங்கள் கேட்ட மற்ற வழிகள்

பாராகுவாட் வேண்டாம். அது தொட்ட இடத்தை மட்டும் சில மணி நேரத்தில் எரிக்கும் மருந்து, உள்ளே பயணிக்காது. கிளைஃபோசேட்டோடு கலந்தால் இலை உடனே செத்து, கிளைஃபோசேட் இறங்கும் வழியும் அடைபடும். அதைவிட முக்கியம், பாராகுவாட் கொஞ்சம் விழுங்கினாலும் உயிரை எடுக்கும், மாற்று மருந்து கிடையாது. பல நாடுகள் தடை செய்திருக்கின்றன. வீட்டிலோ கொட்டகையிலோ மிச்சம் இருந்தால் வேறு பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பூட்டி வைத்து, முறைப்படி ஒப்படையுங்கள்.

2,4-டி அகன்ற இலைக் களைகளுக்கானது. அருகை அது கொல்லாது. அதன் துளி காற்றில் பறந்து பட்டால் உங்கள் இளம் மரங்களின் இலை சுருளும். கீழே நான் சொல்லப்போகும் புல் மருந்துகளோடு கலந்தால் அவற்றின் வீரியத்தையும் குறைக்கும்.

தீயின் சூடு மண்ணுக்குள் சில சென்டிமீட்டருக்கு மேல் இறங்காது. கீழே இருக்கும் தண்டு பிழைத்து, சாம்பலில் செழித்து எழும். நீங்கள் வரப்பில் இருப்பதாகச் சொல்லும் உயரமான, வெள்ளைப் பஞ்சுபோல் பூக்கும் புல் தர்ப்பை இனமாக இருந்தால் தீ அதற்கு நேரடி உதவி. எரிந்த இடத்தில் மற்ற செடிகள் போய்விடும், இது மட்டும் முதலில் எழும்.

யாராவது இமாசாபிர் என்ற களைக்கொல்லியைச் சிபாரிசு செய்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிலத்தடித் தண்டுள்ள புற்களை அது நன்றாகவே கொல்லும். ஆனால் மண்ணில் மாதக்கணக்கில் தங்கி, மரங்களின் வேர் வழியாக ஏறும். பழமரம் நிற்கும் நிலத்தில் அதற்கு இடமில்லை.

புற்றுநோய் பற்றி: உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் கிளைஃபோசேட்டை "மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்" என்ற 2ஏ பிரிவில் வைத்தது. மருந்துகளைப் பதிவு செய்யும் பல நாடுகளின் அமைப்புகள் அந்த முடிவுக்கு வரவில்லை. விவாதம் முடியவில்லை. நீங்கள் செய்யக்கூடியது உடம்பில் படும் அளவைக் குறைப்பது. நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, காலணி, கலக்கும்போது கண்ணாடி. சில நாடுகளில் இந்த மருந்தைப் பயிற்சி பெற்றவர்தான் அடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. உங்கள் பகுதியின் விதியை வேளாண் அலுவலகத்தில் கேட்டுவிட்டு அதன்பிறகு தொடங்குங்கள். பக்கத்து நிலத்தில் மருந்து பறந்து பயிர் கெட்டால் பொறுப்பு அடித்தவருடையது. மருந்தடித்த புல்லை மாட்டுக்கு எப்போது விடலாம் என்பதும் லேபிளில் இருக்கும், அதுவரை வெளியே கட்டுங்கள்.

இப்போது தொடங்க வேண்டிய வரிசை

முதலில், புல்லை வளரவிடுங்கள். உங்களுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். இப்போதிருக்கும் கலவையான வளர்ச்சியை ஒரு கை அளவு உயரத்துக்கு வெட்டிச் சமப்படுத்தி, ஒரு தண்ணீர் விடுங்கள். நாலைந்து வாரத்தில் உழவு எழுப்பிய மொட்டுகள் எல்லாம் இலை விரித்திருக்கும். ஓடுதண்டு சாண் நீளத்துக்கு மேல் ஓடி, ஆங்காங்கே பூங்கதிர் எட்டிப்பார்க்கும். உழவால் நடந்த ஒரே நன்மை இதுதான்: தூங்கிய மொட்டுகள் எழுந்துவிட்டன, எழுந்தவை சர்க்கரையை இழுக்கும், மருந்தையும் இழுக்கும். வறட்சியில் நீலம் பூத்து, இலை சுருண்டு நிற்கும் புல்லில் அடிக்காதீர்கள். தண்ணீர் விட்டு, ஒரு வாரம் கழித்து அடியுங்கள்.

கலவை: 41 சதவீத திரவத்துக்குப் பல்லாண்டுப் புல்லில் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லி என்பது வழக்கமான வரம்பு. உங்கள் கையிலிருக்கும் டப்பாவின் லேபிள் சொல்வதே இறுதி. ஏக்கருக்கு 8 டேங்காகக் குறைக்கும்போது 10 லிட்டருக்கு 200 மில்லி சரியாக இருக்கும். பாதித் தண்ணீரில் 150 முதல் 200 கிராம் அம்மோனியம் சல்ஃபேட்டைக் கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்றி, அதன்பிறகு மருந்து, பிறகு மீதித் தண்ணீர். வரிசை மாறினால் கடின நீர் முதலில் மருந்தைப் பிடித்துவிடும்.

எவ்வளவு அடிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள, 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம் கட்டி, வெறும் தண்ணீரை உங்கள் வழக்கமான நடையில் அடியுங்கள். 2 லிட்டர் செலவானால் ஹெக்டேருக்கு 200 லிட்டர் கணக்கு. 5 லிட்டர் போனால் நாசிலை, அதாவது தெளிப்பு முனையை மாற்றுங்கள் அல்லது நடையைக் கூட்டுங்கள். குழாயாகவோ வட்டமாகவோ அடிக்கும் நாசில் வேண்டாம், விசிறி நாசில் போடுங்கள். பனி காய்ந்த காலை, காற்று ஓய்ந்த நேரம், அடுத்த ஆறு மணி நேரம் மழை இல்லாத நாள்.

மூன்று வயது மரங்களின் அடிமரப் பட்டை இன்னும் பச்சையாக இருக்கும். பச்சைப் பட்டையும் இலையைப்போல மருந்தை உறிஞ்சும். தாழ்ந்த கிளை, வேர்க்கன்று எதிலும் துளி படக்கூடாது. நாசிலுக்கு மறைப்புக் கூம்பு போடுங்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தில் மருந்தே வேண்டாம். அங்கே கையால் கொத்தி, தண்டுகளைப் பொறுக்கி வெளியேற்றி, தடித்த அட்டைமேல் ஒரு சாண் மூடாக்கு போடுங்கள். ஓரத்தில் எட்டிப்பார்க்கும் தண்டைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இழுத்துவிட வேண்டும்.

அடித்தபின் குறைந்தது 14 நாள் உழவு, வெட்டு, மேய்ச்சல் எதுவும் கூடாது. 28ஆம் நாள் மறுபடி மண்ணைப் பெயர்த்துப் பாருங்கள். நிலத்தடித் தண்டு பழுப்பாகி, நசுக்கினால் நீர் கசிந்து குழைந்தால் அது செத்தது. இன்னும் வெள்ளையாக, ஒடித்தால் டக்கென்று உடைந்தால் உயிர் இருக்கிறது. ஓரளவு உயிர் மிச்சமிருக்கும், அதை எதிர்பாருங்கள். மறுதுளிர் ஒரு சாண் ஓடும்வரை பொறுத்து இரண்டாம் முறை அடியுங்கள். அதற்குப் பின் இரண்டு வாரம் கழித்துத்தான் உழவு. அதுவும் வரிசைகளின் நடுவில், மேலாக.

பயறு விதைப்பது

விதையுங்கள், நல்ல யோசனை. அருகுக்கு நிழல் ஆகாது, அடர்ந்த பயறு அதன்மேல் கவிந்தால் பாதி வேலை முடியும். பயறு அகன்ற இலைப் பயிர் என்பதால் க்விசலோஃபாப், ஃப்ளுவாசிஃபாப் போன்ற, புல்லை மட்டும் கொல்லும் மருந்துகளைப் பயிருக்கு மேலேயே அடிக்கலாம். கொழுப்பு அமிலம் செய்யும் ஒரு நொதியை அவை முடக்குகின்றன. புற்களில் உள்ள நொதி இவற்றுக்குக் கட்டுப்படும், பயறில் உள்ளது கட்டுப்படாது. லேபிளில் உங்கள் பயிரின் பெயரும், பல்லாண்டுப் புல்லுக்கான தனி அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஓராண்டுப் புல்லுக்கான அளவைவிடக் கூடுதலாக இருக்கும். லேபிள் கேட்கும் எண்ணெய் ஒட்டுத் திரவத்தை விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் மருந்து இலைக்குள் போவது குறையும்.

ஓடுதண்டு 10 முதல் 15 சென்டிமீட்டர் இருக்கும்போது முதல் முறை, மறுதுளிர் அதே நீளம் வந்ததும் இரண்டாம் முறை. ஒரு வாரம் பத்து நாளில், வெளியே பச்சையாகத் தெரிந்தாலும், நுனிக் குருத்தைப் பிடித்து இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்து, அடிப்பகுதி பழுப்பாக அழுகியிருந்தால் மருந்து பிடித்துவிட்டது. இந்த வகை மருந்துகளுக்குப் புற்கள் சீக்கிரம் பழகும். அதனால் ஆண்டுதோறும் இதை மட்டுமே நம்பாதீர்கள், கிளைஃபோசேட்டோடும் கொத்துவேலையோடும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். முளைக்கு முன் அடிக்கும் பெண்டிமெத்தலின் விதையில் வரும் புல்லைத் தடுக்கும், மண்ணுக்குள் இருக்கும் தண்டைத் தடுக்காது. அதை வாங்கி ஏமாற வேண்டாம்.

மருந்தே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் வழி உண்டு. கொதிக்கும் வறண்ட பருவத்தில், மரங்களிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொக்கிக் கலப்பையால் தண்டுகளை மேலே இழுத்து வெயிலில் காயவிட வேண்டும். முற்றும் காய்ந்த தண்டு பிழைக்காது. நடுவில் ஒரு மழை பெய்தால் எல்லாம் மறுநடவாகிவிடும் என்பதுதான் அதன் ஆபத்து. ஈரம் நிற்கும் நிலமானால் இந்த வழியை எடுக்காதீர்கள்.

எந்த வழியானாலும் இரண்டு ஆண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் முழு நிலத்துக்கும் அடிக்க வேண்டியிருக்காது, திட்டுத்திட்டாக வருவதை மட்டும் பார்த்தால் போதும். வரப்பை மறந்துவிடாதீர்கள். நிலத்துக்குள் எவ்வளவு சுத்தம் செய்தாலும் வரப்பில் இருக்கும் அருகு ஒரே பருவத்தில் மீட்டர் கணக்கில் உள்ளே ஓடிவரும். நிலத்துக்கு அடிக்கும் அதே நாளில் வரப்புக்கும் அடியுங்கள். வேலை முடிந்ததும் கலப்பைக் கொழுவில் சிக்கியிருக்கும் தண்டுத் துண்டுகளைப் பிடுங்கிக் கழுவிவிட்டு அடுத்த நிலத்துக்கு ஓட்டுங்கள்.